மேக்னம் தோட்டாவும் செந்திலின் வலது கண்ணும்

செப். 8, 1998. செவ்வாய்.
சுகர் லேண்ட், மகன் வீடு. காலை ஆறு மணிக்கே புழுக்கம். இரத்த அழுத்த மாத்திரை எட்டுதான் மிச்சம்; மருமகள் கவிதாவிடம் சொல்ல வேண்டும்.

அடுத்த மாதம் என் மகன் செந்தில், மேலாளர் ராண்டியுடன் கொலராடோவுக்கு எல்க் வேட்டைக்குப் போகிறானாம். எல்க்: ஏறத்தாழக் குதிரை அளவு மான். இவனோ கோழிக் கறியைக்கூட வெட்டியதில்லை. "ஃபிசிக்ஸ் ப்ரொஃபசர்தானே, எந்தத் தோட்டான்னு நீயே சொல்லும்மா." ஓய்வு பெற்றுப் பதினோரு ஆண்டுகள், இருந்தும் மறுக்கத் தெரியவில்லை.

7 எம்.எம்.-08, 140 கிரெயின் எடைக் குண்டு: சாது.
.30-06, 180 கிரெயின்: நடுத்தரம்.
.300 மேக்னம், 180 கிரெயின்: ஆற்றலில் முதல்.

விலங்கு குற்றுயிராக அலையக் கூடாது. மேக்னம் என்றேன்.

செப். 10. வியாழன்.
நேற்றே வாங்கிவிட்டான். மலையேற வசதியாக, மிக இலேசான துப்பாக்கி. மருமகள் பெட்டியைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.
"இந்தக் கண்ண வச்சுக்கிட்டு இது தேவைங்களா?"
"எந்தக் கண்ணை?" என்றேன்.

மார்ச்சில் செந்திலுக்கு வலது கண்ணில் விழித்திரை கிழிந்து அறுவை சிகிச்சை. அந்த மாதம் முழுதும், ஊரிலிருந்த என்னிடம் தொலைபேசியில் "ஆபீஸ்ல டெட்லைன்" என்றவன். "நீங்க பயந்துக்குவீங்கன்னு அவருதான் சொல்ல வேண்டாம்னாருங்க அத்தை." ஆறு மாதப் பயமும் இப்போது ஒரே நாளில்.

மறுபடியும் கணக்கு. மானுக்கு நேர்வதை மட்டுமே பார்த்திருந்தேன். சுடுபவன் தோளுக்கும், அந்த அதிர்ச்சியில் கண்ணுக்கும் நேர்வதை இல்லை. மேக்னத்தின் உதைப்பு 08-ஐப் போல இரு மடங்கு. துப்பாக்கி இலேசானால் இன்னும் மோசம். முதலாண்டுப் பாடம். வேறொருத்தி இப்படிப் பிழை செய்திருந்தால் வகுப்பைவிட்டு வெளியே நிறுத்தியிருப்பேன்.

மாலையில் அவனிடம் 08-க்கு மாற்றச் சொன்னேன்.
"நீதானம்மா மேக்னம்னு சொன்ன. இப்ப மாத்தினா ராண்டி சிரிப்பான்."
"மருத்துவரைக் கேட்டாயா?"
"ட்ரைவ் பண்ணலாம்னுட்டாரு."
நான் கேட்டது அதுவன்று.

செப். 12. சனி.
சுடும் திடல். கூப்பிடாமலே காரில் ஏறிக்கொண்டேன். ராண்டி "மேம்" என்று காதுமூடி கொடுத்தான். ஒழுங்கானவன்தான்.

முதல் குண்டு: செந்திலின் தோள் பின்னே போயிற்று, தலையும் கூடவே. இரண்டாவது: விசையை அழுத்துமுன்னரே கண்களை மூடிக்கொண்டான். குண்டு மண்மேட்டில். மூன்றாவது தோட்டாவை எடுத்தபோது ராண்டியிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்: இவன் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

ராண்டி சிரிக்கவில்லை. தோட்டாவை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவன் மனைவி 08-இல்தான் நான்கு எல்க் வீழ்த்தினாளாம். "எலும்பில் பட்டால் சிதறாத குண்டாக வாங்கு. நுரையீரலில் பட்டால் போதும். பயந்து கண்ணை மூடுகிறவனுக்கு மேக்னம் எதற்கு?" ஆக, என் விடை மானுக்கும் தவறு.

திரும்பும்போது:
"இனிமே ஆபீஸ்ல என்னை எப்படிம்மா பாப்பான்?"
"அவன் பார்ப்பது இருக்கட்டும். நீ பார்க்க வேண்டும்."


செப். 13. ஞாயிறு.
காலை. செந்தில் கூடத்துச் சுவரெதிரே நின்று இடது கண்ணைப் பொத்தினான். கையை எடுத்தான். மறுபடி பொத்தினான்.
"என்னடா?"
"ஓரத்துல கறுப்பா ஒரு திரை மாதிரி. நேத்து இல்லம்மா."

கவிதா மருத்துவரின் அவசர எண்ணில். உடனே வரச் சொன்னார். வாசலில் செந்தில் திரும்பி, "நீயும் ஏறும்மா" என்றான்.

காத்திருப்பு அறை. குளிர். போர்வை எடுத்து வரவில்லை. அவன் உள்ளே போய் நாற்பது நிமிடம். கவிதா மூன்றாவது முறையாகக் கழிப்பறைக்கு. இரண்டே குண்டுகள்தாம். விழித்திரை மறுபடி கிழிய இரண்டு போதுமா என்று கணக்கிட எனக்குத் தெரியவில்லை.

செவிலி வந்து குடும்பத்தில் யார் உள்ளே வருகிறீர்கள் என்கிறாள். கவிதா இன்னும் வரவில்லை. நான் போகிறேன்.