உங்கள் சாட்சியில் நான் வெட்டிய பகுதி

அக்கா,

இன்று ஆராதனை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு வந்தபோது கடைசி வரிசையில் உங்கள் ஹெல்மெட் இருந்தது. மெரூன் நிறம், பின்பக்கம் பாதி சுரண்டிப்போன பூனை ஸ்டிக்கர். உள்ளே இன்னும் உங்கள் தேங்காயெண்ணெய் வாசம். பக்கத்திலேயே அண்ணனின் கறுப்பு ஹெல்மெட். சபைக்குக் கீழே இருக்கிற டயர் கடை வாசலில் விட்டால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று இரண்டையும் கையோடு மேலே கொண்டுவருகிறார். நீங்கள் போய் மாதக்கணக்காகிறது. மோட்டர் சைக்கிளின் பின்சீட்டில் யாரும் உட்காருவதில்லை. ஆனாலும் உங்கள் ஹெல்மெட்டை அவர் வீட்டில் விட்டுவிட்டு வருவதில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

அண்ணன், உங்கள் வீட்டுக்காரர், சபைக்கு வருகிறார் என்றதும் உங்களுக்குக் குளிர்ந்துபோயிருக்கும். அவசரப்படாதீர்கள். அவர் ஜெபிக்க வரவில்லை. என்னிடம் ஒன்றைக் கேட்கத்தான் வருகிறார். அது என்ன என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களை முதலில் பார்த்தது புக்கிட் செலம்பாவில், உங்கள் குடியிருப்புத் தாமான் மண்டபத்தில். சனிக்கிழமைகளில் சுங்கைப் பட்டாணியிலிருந்து சபை வேனில் போய் அங்கே பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்திக்கொண்டிருந்தோம். நாங்கள் எல்லோரும் இளசுகள். பாஸ்டரே என்னைவிடச் சின்னவர். உலகத்தையே மாற்றப்போகிறவர்கள் மாதிரி ஒரே நிறத்தில் டீ சட்டை போட்டுக்கொண்டு நின்றோம். நீங்கள் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்று கேட்டீர்கள்: "படிப்பு சொல்லிக் குடுக்கறீங்க, சரி. வெறும் பிஸ்கட்டையா பிள்ளைங்களுக்குக் குடுப்பீங்க?" அடுத்த சனிக்கிழமை ஒரு பெரிய சட்டி மீகூன் சேமியாவோடு வந்தீர்கள். அதற்கடுத்த மாதம் ஞாயிறு ஆராதனைக்கும் வந்தீர்கள், அங்கேயும் சட்டியோடுதான்.

அதற்கு முன்பெல்லாம் ஆராதனை முடிந்ததும் ஆளாளுக்கு மாலுக்கு ஓடிவிடுவோம். நீங்கள் வந்த பிறகுதான் நின்று சாப்பிட்டோம், சாப்பிட்டபடி பேசினோம், யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று எங்களுக்கே தெரியவந்தது. நம் சபை குடும்பமானது பிரசங்கத்தால் அல்ல, அக்காவின் சாம்பாரால் என்று பாஸ்டரைக் கிண்டல் செய்வோம். அவரும் தட்டை நீட்டிக்கொண்டே ஆமென் என்பார்.

அண்ணன் உங்களை இறக்கிவிட்டுக் கீழேயே நிற்பார். முதலில் டயர் கடைப் பக்கம், மோட்டரில் சாய்ந்தபடி. பிறகு மழைக்காக என்று சொல்லிப் படியில் ஒதுங்கினார். பிறகு வெயிலுக்காக. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் அவர் கையைப் பிடித்து மேலேயே கூட்டிவந்துவிட்டீர்கள். தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். எழுந்து போகும்போது யாரையும் பார்க்காமல் "நல்லாருந்துச்சு" என்றார். சமைத்தது நீங்கள்தான். வீட்டில் தினமும் சாப்பிடுகிற கைதான். அதைச் சொல்லிச் சொல்லி வேனில் எப்படிச் சிரித்தோம்!

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. புக்கிட் செலம்பாவில் ஊருக்கெல்லாம் ஒரு விருந்து வைக்கப்போகிறோம், அங்கே போட ஒரு சாட்சி வீடியோ வேண்டும். அக்காவைவிட யார்? சிறுவர் வகுப்பு அறையில், பிள்ளைகளின் குட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உங்களை உட்காரவைத்தேன். முட்டி முகவாயில் இடிக்கிறது என்று முனகினீர்கள். பேச ஆரம்பித்ததும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சம்சு குடித்துவிட்டு வந்து அவர் அடித்தது, சோற்றுப் பானையைத் தூக்கி வெளியே எறிந்தது, பக்கத்து வீட்டில் ஒளிந்துகொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தது, பிறகு உங்களுக்குக் கிடைத்த சமாதானம். எல்லாவற்றையும் அப்படியே சொன்னீர்கள். கடைசியில் அண்ணன் மாறியதைப் பற்றியும் கொஞ்சம் சொன்னீர்கள்.

அந்தக் கடைசியை நான் வெட்டினேன்.

நீளம் அதிகம் என்று பாஸ்டர் சொன்னது உண்மை. எதை வெட்டுவது என்று அவர் சொல்லவில்லை. அவர்மேல் பழியைப் போட முடியாது. நான்தான் முடிவு செய்தேன், அதுவும் நன்றாக யோசித்தேதான். ஒரு சாட்சி என்றால் அதற்கு ஒரு வடிவம் உண்டு என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. இருட்டு, அழுகை, ஜெபம், வெளிச்சம். இதில் அண்ணனை எங்கே வைப்பது? அவர் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, ஒரு பாட்டுகூடப் பாடியதில்லை. ஒருநாள் குடித்துவிட்டு விழுந்து முன்பல் போயிற்று, கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்தார், விட்டுவிட்டார். "நான் ஜெபம் பண்ணேன்தான் சில்வி. ஆனா பல்லைக் கடிச்சிக்கிட்டு விட்டது அவரு லா" என்று நீங்களே சொல்வீர்கள். சபைக்கு வராமலே ஒருவர் திருந்தியது என் கதைக்கு இடைஞ்சலாக இருந்தது. அவர் இரட்சிக்கப்பட்ட பிறகு அதைத் தனியாக இன்னொரு வீடியோவாகப் போடலாம் என்று நினைத்தேன். எவ்வளவு திமிர் பாருங்கள். ஒரு மனுஷன் நல்லவனானதை நான் அடுத்த பாகத்துக்கு எடுத்துவைத்தேன்.

விருந்துக்கு முன்பே சபையின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்ட வீடியோ நன்றாகப் பரவியது. ஊரில் இல்லாதவர்களெல்லாம் அழுது எழுதினார்கள். அண்ணன் ஜாகா வேலை பார்க்கும் கம்பெனியின் காவலர் அறைக்கும் அது போய்ச் சேர்ந்தது. கூட வேலை செய்கிறவர்கள் அதை அவர் எதிரிலேயே சத்தமாகப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு அவர் உங்களை டயர் கடை வாசலில் இறக்கிவிட்டு, எஞ்சினைக்கூட அணைக்காமல் திரும்பிப்போனார். மேலே அவருக்கென்று எடுத்துவைத்த தட்டை நீங்களே திரும்பச் சட்டிக்குள் கொட்டினீர்கள்.

நீங்கள் என்னிடம் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம். பாத்திரம் கழுவும்போது, குழாயைப் பார்த்தபடி, "கடைசியில சொன்னதையும் வச்சிருக்கலாம் லா" என்றீர்கள். நான் நேரம், நீளம், மக்கள் பொறுமை என்று ஏதோ விளக்கினேன். "சரிம்மா, உனக்குத்தான் அதெல்லாம் தெரியும்" என்றீர்கள். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். அதன் பிறகும் விட்டேனா? எங்கே கூட்டம் நடந்தாலும் அக்காவைக் கூப்பிடு, அதே கதையைச் சொல்லவை.

அந்த விருந்து நாள் நினைவிருக்கிறதா? மண்டபம் நிறைய ஆட்கள். உங்கள் பக்கத்து வீட்டார், பழைய தோட்டத்து ஆட்கள், அண்ணனை மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவர்கள். நான் மைக்கை உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றேன். நீங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தீர்கள். பிறகு, "கோழிக்கறி நல்லா வந்திருக்கு. யாரும் சாப்பிடாமப் போயிடாதீங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டீர்கள். மண்டபமே சிரித்தது. என் மூஞ்சி எப்படிப் போயிருக்கும் என்று எனக்கே தெரியும்.

திரும்பும்போது வேனில், எல்லோர் முன்னாலும் உங்களைப் பிடித்துக்கொண்டேன். "இவ்வளவு பேர் வந்திருந்தாங்க, இப்படியா க்கா வீணாக்குவீங்க? ஊழியம்னா உங்களுக்கு விளையாட்டா?" மண்டபத்திலிருந்து உங்கள் வீட்டு வாசல் கொஞ்ச தூரம்தான். அந்தக் கொஞ்ச தூரமும் நீங்கள் காலிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தீர்கள். இறங்கும்போது மட்டும், "அங்க உக்காந்திருந்தது எல்லாம் அவருக்குத் தெரிஞ்ச ஆளுங்க, சில்வி" என்றீர்கள். நான் கதவை இழுத்துச் சாத்தினேன்.

அடுத்த ஞாயிறு சாம்பாரோடுதான் வந்தீர்கள். எனக்குக் கூடுதலாக ஒரு முருங்கைக்காய்த் துண்டும் போட்டீர்கள். அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கலாம், கேட்கலாம் என்று கிறிஸ்துமஸ் வேலையில் ஓடினேன். அதற்குள் ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று அண்ணன் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நாங்கள் வேனை எடுத்துக்கொண்டு வந்துசேர்வதற்குள் முடிந்துவிட்டது.

உங்களை அடக்கம் செய்து ஒரு மாதம் கழித்து சபைப் பக்கத்திலிருந்து அந்த வீடியோவை எடுத்துவிட்டேன். துக்கத்தில் இருக்கிற மனிதரை அது இன்னும் குத்த வேண்டாம் என்று நினைத்தேன். ஏதோ கொஞ்சம் பிராயச்சித்தம் செய்த மாதிரிகூட இருந்தது.

அடுத்த ஞாயிறே அண்ணன் படியேறி வந்தார். வாசலிலேயே நின்றார். ஹென்போனை நீட்டி, "வீடியோவைக் காணோமேம்மா" என்றார்.

"நான்தான் எடுத்துட்டேன் ண்ணே. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"வேலைக்குப் போறதுக்கு முன்ன தினமும் அதத்தான் போட்டுக் கேப்பேன். அவ குரல் அதுல மட்டும்தானே இருக்கு. எங்ககிட்ட போட்டோதாம்மா இருக்கு."

நான் இழுத்தேன். "அதுல உங்கள..."

"திட்றா. ஆமா. செஞ்சதத்தானே சொல்றா?" போன் திரையைக் கட்டைவிரலால் துடைத்தார். "குரல் அவளோடதுதானேம்மா."

அக்கா, அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் தவித்துப்போய், யாராவது தண்ணீர் கொண்டுவாருங்கள் என்று சத்தம் போட்டார். நான் அவருக்குச் செய்ததற்கு, எனக்குத் தண்ணீர் கேட்டார்.

வீடியோவை அவர் போனில் ஏற்றிக்கொடுத்தேன். பிறகு உண்மையைச் சொன்னேன். இதற்குப் பின்னால் அக்கா உங்களைப் பற்றிப் பேசியது இன்னும் கொஞ்சம் இருந்தது, நான் வெட்டிவிட்டேன் என்று. அதைக் கொடு என்று கேட்டார். எங்கே போவேன்? கிறிஸ்துமஸ் நாடகத்தை வீடியோ பிடிக்க லேப்டாப்பில் இடம் வேண்டும் என்று வெட்டாத பதிவை எப்போதோ அழித்திருந்தேன். தேடாத இடமில்லை. பழைய லேப்டாப்பைக் கடையில் கொடுத்தும் பார்த்தாயிற்று. உங்களை அவர் அடித்தது பத்திரமாக இருக்கிறது, அவரை நீங்கள் மெச்சியது போய்விட்டது.

"என்னதான் சொன்னா?" என்று கேட்டார்.

என் நினைவில் இருந்ததைச் சொன்னேன். "இப்ப என் வீட்டுக்காரரு அப்படி இல்ல. மோட்டர்ல போறப்ப பள்ளம் வந்தா மெதுவாப் போவாரு. எனக்கு முதுகு வலின்னு அவருக்குத் தெரியும், வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு. நானும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டேன். நல்ல மனுஷன். இதையும் போடு சில்வி."

அண்ணன் போனைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு கேட்டார்: "அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும் ண்ணே."

"பள்ளத்துல மெதுவாப் போனது அவளுக்குத் தெரியுமா?" என்று திரும்பவும் கேட்டார். முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். "இன்னொரு தடவ சொல்லும்மா."

சொன்னேன். என் குரலில் பதிவு செய்து தரட்டுமா என்றேன். "உன் குரல் எனக்கு எதுக்கும்மா? நேர்ல வந்து கேட்டுக்கறேன்" என்றார். அதிலிருந்து வருகிறார். பாட்டு முடியும்வரை கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு என் பக்கத்தில் வந்து நிற்பார். நான் சொல்வேன். கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

பாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆண்டவர் மன்னித்துவிட்டார் சிஸ்டர், இனி அதைச் சுமக்காதீர்கள் என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் இது இறக்கிவைக்கிற சுமை இல்லை. இறக்கிவைத்தால் அந்த வாக்கியங்கள் உலகத்திலேயே இருக்காது. மற்றவர் பேச்சை வெட்டி ஒட்டியே பழகிய நான், இப்போது ஒரு சொல்லும் கூடாமல் குறையாமல் உங்கள் பேச்சைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். வேலைக்கு இடையில், கார் ஓட்டும்போது, வாய்க்குள் சொல்லிப்பார்த்துக்கொள்கிறேன். சில நாள் ஒரு சொல் இடம் மாறி வருகிறது. அன்றெல்லாம் சோறு இறங்குவதில்லை.

இன்றும் சொன்னேன். கேட்டுவிட்டு வழக்கம்போல் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. தயங்கித் தயங்கி, புதிதாக ஒன்று கேட்டார்.

"இதச் சொல்றப்ப அவ சிரிச்சாளாம்மா?"

"ஆமா ண்ணே. சிரிச்சாங்க" என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டே படியிறங்கினார். இத்தனை நாளில் அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

சிரித்தீர்களா அக்கா? எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கேமராத் திரையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில்வி