குங்குமம் அடைத்த வளையங்கள்

மாமாவுக்கு,

போன இடத்திலும் யாரையாவது கிண்டல் செய்துகொண்டுதான் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில், உங்களோடு சரிக்குச் சரி வாயாடிய கொழுந்தியா எழுதுகிறேன். நீங்கள் சௌக்கியமா என்று கேட்க முடியாது. நாங்கள் சௌக்கியம் என்று சொல்லலாம். இந்த வாரம் அதைத் துணிந்தே சொல்லலாம்.

உங்கள் தூண்டில் என் கைக்கு வந்தது, மாமா. போன வாரம் அக்கா அதைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு நகரியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நீங்கள் போன பிறகு அவள் தெருவைத் தாண்டுவதே அபூர்வம். கல்யாணம், காதுகுத்து என்று கூப்பிட்டால் தலைவலி என்பாள். தலைவலியெல்லாம் ஒன்றும் இல்லை. அங்கே போனால் முன்னால் நிற்க விடமாட்டார்கள், அதுதான் விஷயம்.

"இத்த கொஞ்சம் ரெடி பண்ணிக் குடுடி," என்றாள்.

"யாருக்கு?"

"எனக்குதான். டேமுக்குப் போயி ஒரு வாட்டி வீசணும்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

குவைத்திலிருந்து முதல் லீவில் நீங்கள் வந்தது நினைவிருக்கிறதா? ஊரில் பாதிப் பேர் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்த காலம். மற்ற வீடுகளுக்கு டேப் ரெக்கார்டரும் கம்பளியும் சென்ட் பாட்டிலும் வந்தன. எங்கள் வீட்டு மாப்பிள்ளை மட்டும் தோளில் நீளமாக ஒரு குச்சியோடு ரயிலை விட்டு இறங்கினார். தெருவே அதை டிவி ஆன்டெனா என்று நினைத்தது. "இன்னா மாமா, டிவி பொட்டி எங்க?" என்று கேட்டேன். "டிவியில மீன காட்டுவான், துன்ன முடியுமா?" என்றீர்கள்.

பிச்சாட்டூர் டேமுக்கு அக்காவையும் இழுத்துக்கொண்டு போவீர்கள். சாப்பாட்டுத் தூக்கைத் தூக்க ஆள் வேண்டும் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டீர்கள். உங்களைவிட அவள்தான் தூரமாக வீசுவாள் என்பது நம் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். மீனை மட்டும் நீங்கள் பிடித்ததாகச் சொன்னீர்கள். இருக்கட்டும்.

வேட்டியைப் பிரித்தேன். கம்பு நன்றாகத்தான் இருந்தது. நைலான் நரம்பு ஓடும் வளையங்கள், அடியில் பெரிதாக ஆரம்பித்து நுனியில் மூக்குத்தி அளவுக்குச் சிறுத்துப் போகுமே, அவைதான் பார்க்கச் சகிக்கவில்லை. எல்லாம் ஆயுத பூஜையின் வேலை. நீங்கள் ஆரம்பித்து வைத்ததுதானே? சைக்கிளுக்குப் பொட்டு வைத்தால் தூண்டிலுக்கும் வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு வளையத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தீர்கள். மறுநாள் நீங்களே துடைத்தும் வைப்பீர்கள். அக்கா துடைக்கவில்லை. வருஷா வருஷம் பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். எல்லாம் இறுகிக் கிடந்தது, அதற்கடியில் துரு. கடல் தண்ணீரில் ஒன்றும் ஆகாமல் வந்த சாமான், நம் வீட்டுப் பக்தியில் துருப்பிடித்தது.

விளக்கு தேய்ப்பதைப் போலப் புளியைப் போடலாமா என்றுதான் முதலில் கை போனது. நல்லவேளை, போடவில்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து வளையங்களைச் சுற்றி ஊறவைத்தேன். பழைய பல் பிரஷால் மெதுவாகத் தேய்த்ததில் காவியும் சிவப்புமாகக் கரைந்து வந்தது. துருவை உப்புத்தாளால் லேசாக எடுத்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெயைத் தொட்டு வைத்தேன்.

வளையத்துக்கு உள்ளே பீங்கான் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். எங்கள் பவர்லூமில் நூல் ஓடுகிற கண்ணும் பீங்கான்தான். அதில் கீறல் விழுந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் ஒரு மெல்லிய இழையை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு இழுத்துப் பார்த்தேன். நடுவில் ஒன்று மட்டும் இழையைப் பிடித்தது. பழைய தறியிலிருந்து கழற்றிப் போட்ட கண் ஒன்றைக் கேட்டு வாங்கி அந்த இடத்தில் ஒட்டினேன். கட்டு விட்டுப்போன இடங்களில் தறி நூலையே இறுக்கிச் சுற்றி மேலே நகப்பாலிஷ் பூசினேன். கடையில் ரோஸ் கலர்தான் இருந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நுனி வளையத்துக்கு வந்தபோதுதான் வம்பு. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த மட்டும் தொடைக்காத."

"அடைச்சிக்கினு இருக்குதுக்கா. நரம்பு எப்படிப் போவும்?"

"எனக்கு வெச்சிக்கக் கூடாதுன்னு அன்னிக்கே ஈரத்துணி போட்டுத் தொடைச்சிட்டாங்க. அவரு தூண்டிலுக்கு வெச்சா யாரு கேக்கப் போறான்னு வெச்சிக்கினு இருந்தேன். அதையும் நீ தொடைக்கிறியா?"

தூண்டிலை அவள் மடியில் வைத்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டேன். வீசுவாளா, மறுபடியும் வேட்டியில் சுற்றிவிடுவாளா என்று நாளெல்லாம் அதே நினைப்பு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழுந்து வந்தால், வாசற்படியில் உட்கார்ந்து அவளே அந்த வளையத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். துணி இல்லை, பிரஷ் இல்லை, நகத்தால். உதிர்ந்த குங்குமத்தை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். ஊதிவிடுவாள் என்று நினைத்தேன். மோதிர விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடிகூடக் கேட்கவில்லை.

"கெளம்புடி, பஸ்ஸு போய்டும்," என்றாள்.

பஸ்ஸில் தெரிந்த அம்மா ஒருத்தி அக்காவின் நெற்றியை இரண்டு தடவை பார்த்தாள். அக்கா தலையைக் குனியவில்லை. அந்தக் குச்சியை மேலே வை என்று கண்டக்டர் தெலுங்கில் சொன்னார். "கர்ர காது நாயனா, காலம்," என்றாள். குச்சி இல்லையப்பா, தூண்டில். தெலுங்கில் அதற்குக் காலம் என்று யார் பேர் வைத்தார்களோ?

டேமில் முதல் வீச்சு காலடியிலேயே விழுந்தது. அடுத்தது எல்லா வளையத்தையும் தாண்டி, எங்கேயும் சிக்காமல், நீங்கள் எட்டாத தூரத்துக்குப் போனது. பொய் சொல்லவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபி மீன். அழுதுகொண்டே நரம்பைச் சுற்றினாள். நானும் அழுதேன்.

உங்கள் போனுக்காக அக்கா காத்துக் கிடந்த எஸ்.டி.டி. பூத் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை. கைத்தறி இருந்த வீடுகளில் எல்லாம் பவர்லூம் சத்தம். இத்தனையும் மாறலாம், ஒரு பொட்டு மாறக்கூடாதா?

விஷயம் சித்தூர் வரைக்கும் போய்விட்டது. உங்கள் பெரியம்மா விசாரிக்க வரப்போகிறார்களாம். வரட்டும். முதலில் மீன் குழம்பு ஊற்றிச் சோறு போடுவேன். பிறகு என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அக்காவின் நெற்றியில் இனி யார் கையும் படாது, மாமா. நான் இருக்கிறேன்.

அவள் பக்கத்திலேயே நிற்கும்,
உங்கள் கொழுந்தியா