பலகைக்கு மேலே நாலு இஞ்சு

5 ஜனவரி 2025, ஞாயிறு

சுவர் ஜன்னல் உயரம் தாண்டிவிட்டது. வாடகை வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் எங்கள் புது வீடு. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் இரணியல் ஸ்டேஷன் ரோட்டில் இறங்கி நேரே அங்கேதான் போகிறேன். இன்று ஞாயிறு, காலையிலேயே போய்விட்டேன்.

பக்கத்து வீட்டு அபினா அக்கா பாலிடெக்னிக் முடித்து வேலைக்குப் போகும்போது தந்துவிட்டுப் போன கட்டுமானப் புத்தகத்தை இரண்டாம் முறை படிக்கிறேன். முதல் முறை பாதி புரியவில்லை. செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து படித்தால் புரிகிறது. எங்கள் வீட்டைக் கட்டும் கொத்தனார் ராஜையன் மேசிரி மூலை மட்டம் பார்ப்பது எப்படித் தெரியுமா? கயிற்றில் மூன்றடி, நாலடி, ஐந்தடிக்கு முடிச்சு. மூன்றையும் இழுத்துக் கட்டினால் மூலை சரியாகத் தொண்ணூறு டிகிரி. பித்தகோரஸ் என்ற பெயரை அவர் கேட்டதே இல்லை. தேற்றத்தை முடிச்சாகச் சுருட்டிப் பையில் வைத்திருக்கிறார்!

8 ஜனவரி, புதன்

மேசிரி தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கூரைக் கம்பியை வரைந்து ஓமனா அக்காவிடம் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓமனா அக்கா அவரிடம் பன்னிரண்டு வருடமாகக் கையாள் வேலை. கம்பி வளைக்க அவளை விட்டால் ஆளில்லை.

ஹாலுக்குக் கம்பி அடியில். வாசலுக்கு மேலே தூண் இல்லாமல் நாலடி வெளியே நீளப்போகும் முகப்புக்கு மட்டும் கம்பி மேலே. ஏன் என்று கேட்டேன்.

"அது அப்பிடித்தான் மக்கா. முப்பது வருசமா அப்பிடித்தான் கட்டுகேன்."

அது பதிலா? புத்தகத்தில் பதில் இருக்கிறது. கான்கிரீட்டை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் கீறிவிடும். இழுபடும் பக்கம் கம்பி வேண்டும். ஹால் கூரை நடுவில் தொய்யப் பார்க்கும், அடிப்பக்கம் இழுபடும். முகப்பு நுனியில் தொய்யப் பார்க்கும், மேல்பக்கம் இழுபடும். நீட்டிய கையில் தண்ணீர் வாளியைப் பிடித்துப் பார்த்தேன். வலித்தது தோளின் மேல்பக்கம்தான்.

ஆனாலும் கண்ணால் பார்க்க வேண்டும்.

9 ஜனவரி, வியாழன்

இரண்டடி பிவிசி பைப்பை நெடுக்காகப் பிளந்து இரண்டு அச்சு. கலவை ஓமனா அக்கா தந்தது. ஒன்றில் கட்டுக்கம்பியை அடியில் வைத்தேன், மற்றதில் மேலே. என் ஸ்டீல் ஸ்கேலால் வழித்து மட்டம் பார்த்தேன். ஸ்கேலில் சிமெண்ட் காய்ந்துவிட்டது. அம்மா திட்டினாள்.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். என் இரண்டு உத்தரங்களும் துவைக்கிற தொட்டித் தண்ணீரில் ஊறுகின்றன. அப்பாவின் அக்கா அழகியநாயகி அத்தை பார்த்துவிட்டு, "இதென்னட்டி, சீனிக்கிழங்கா?" என்றாள்.

19 ஜனவரி, ஞாயிறு

பார்த்துவிட்டேன்!!

ஒரு முனையைத் துவைக்கல்லுக்கு அடியில் இறுக்கி, மறுமுனையில் பெயிண்ட் டப்பாவைத் தொங்கவிட்டு, மணல் போட்டேன். கம்பி அடியில் இருந்தது இரண்டாவது கப்பிலேயே மேலே கீறி, கழுத்து முறிந்த கோழி மாதிரி தொங்கியது. கம்பி மேலே இருந்தது — ஆறு, ஏழு, எட்டு கப். டப்பா நிறைந்துவிட்டது, அது அசையவில்லை. அதே சிமெண்ட், அதே கம்பி, அதே அளவு. கம்பி இருக்கிற இடம் மட்டும்தான் வேறு.

ஓமனா அக்கா முறிந்ததைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத்தன வருசம் நான் கம்பி வளைச்சேன். எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லல்ல பாத்தியா" என்றாள்.

1 பிப்ரவரி, சனி

நாளை கூரைக் கான்கிரீட். சாயங்காலம் ஏணியில் ஏறி அளந்தேன். முகப்பு ஐந்து இஞ்சு கனம். கான்கிரீட்டைத் தாங்க அடியில் அடித்திருக்கும் பலகைக்கும் மேல்கம்பிக்கும் நடுவே நாலு இஞ்சு. எங்கே வைத்தாலும் நாலு. கம்பி கீழே போகாமலிருக்க நடுவில் வைக்கும் முட்டுக்கம்பி அங்கே நாலோ ஐந்தோதான் இருக்கிறது. மேசிரியிடம் சொன்னேன். "அங்க யாரு ஏறி நிக்கப் போறா? போதும் மக்கா" என்றார்.

அத்தை நேரம் குறித்துவிட்டாள்: ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் முதல் சட்டிக் கான்கிரீட் விழ வேண்டும்.

2 பிப்ரவரி, ஞாயிறு

இன்று நிறைய நடந்துவிட்டது. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மிக்சர் மெஷின் வந்தது, பதினெட்டு ஆட்கள் வந்தார்கள், மதியத்துக்குக் கோழிக்கறியும் சோறும் அடுப்பில். சொந்தக்காரர்கள் எல்லாரும் மேலே ஏறினார்கள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான், கூரை போடும் நாளில் ஏறிப் பார்க்காமல் யாரும் போவதில்லை. அம்மா கன்னிமூலையில் முதல் சட்டியைப் போட்டாள். மணி ஒன்பது நாற்பது. எல்லாரும் கை தட்டினோம்.

அப்பா மஸ்கட்டிலிருந்து வீடியோவில். அத்தை, மாமா, இன்னும் ஆறு பேர் — ரோடு தெரிய வேண்டும் என்று முகப்புக் கம்பியின் மேல் வரிசையாக நின்றார்கள். அப்பா, "கொஞ்சம் முன்னால வாங்க... இன்னும் முன்னால" என்கிறார். நானும்தான் சிரித்துக்கொண்டு போனைப் பிடித்திருந்தேன். நானும்தான்!

அவர்கள் உள்பக்கம் நகர்ந்த பிறகு பார்த்தேன். கம்பி வயிறு தொங்கிக் கிடந்தது. ஸ்கேலை வைத்தேன். ஒன்றரை இஞ்சு. அடுத்த இடம், ஒன்றேகால்.

துவைக்கல்லில் தொங்கிய அந்தக் கோழிக்கழுத்து கண்முன்னால் வந்தது. அந்த முகப்புக்குக் கீழேதான் நாங்கள் செருப்புக் கழற்றப்போகிறோம்.

மேசிரியிடம் ஓடினேன். மிக்சர் சத்தம். "மேசிரி, கம்பி தாந்து போச்சு." காதில் விழவில்லை. இரண்டாவது தடவை சொன்னேன். "கட்டுனது நானாக்கும். மாறி நில்லு பிள்ள, சட்டி வருது" என்றார். சட்டி கை மாறிக் கை மாறி முகப்பைப் பார்த்து வருகிறது. அதுல விழுந்துட்டா முடிஞ்சுது. யாரு தோண்டி எடுப்பா? எனக்கு அழுகை வந்துடிச்சு. அழுதுகிட்டே கத்திட்டேன் — "நிறுத்துங்க!"

எல்லாரும் திரும்பினார்கள். சட்டி நடுவழியில் நின்றது.

அத்தைக்குத்தான் முதலில் கோபம். "ஏட்டி, தொடங்கின காரியத்த நிறுத்தச் சொல்லப்பிடாது! நல்ல நேரத்துல இதென்ன ஊளை?"

நான் ஸ்கேலை மேசிரியிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கினார். பிறகு குனிந்து அவரே வைத்துப் பார்த்தார். அடுத்த இடம். அதற்கடுத்த இடம். எழுந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"மிக்சர ஆஃப் பண்ணுல."

"ராஜையா, நேரம் போவுது..." என்றாள் அத்தை.

அப்போது அம்மா சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். யார் முன்னாலும் அத்தையை எதிர்த்து ஒரு சொல் சொல்லாத அம்மா. "மைனி, மொதச் சட்டி நேரத்துல விழுந்தாச்சு. மத்தது கம்பி மேல வந்தப்பொறவு விழட்டும். இந்த வீட்டுக்குள்ள இருக்கப் போறது நேரமில்ல, எனக்க பிள்ள."

மேசிரி சொந்தக்காரர்கள் எல்லாரையும் கீழே இறக்கினார். ஓமனா அக்கா மிச்சக் கம்பியை வெட்டி முட்டுக்கம்பி வளைத்தாள். அவள் கை ஓடிய வேகம்! இருபத்துநாலு. மேசிரியே ஒவ்வொன்றாக வைத்துக் கட்டினார். நான் பின்னாலேயே அளந்துகொண்டு போனேன். நாலு. நாலு. மூன்றேமுக்கால் — "எங்க? காட்டு" என்று அதையும் தூக்கினார். ஆட்கள் கம்பியை மிதிக்காமல் நடக்கக் குறுக்கே பலகை போட்டார்கள். நாற்பது நிமிடம். கன்னிமூலையில் விழுந்த முதல் சட்டி இறுகிவிடுமோ என்று அது ஒரு பக்கம் பயம். ஒரே ஒரு சட்டிதானே என்று அதை ஈரச் சாக்கால் மூடி வைத்து, புதுக் கலவையோடு சேர்த்துக் கிளறிவிட்டார் மேசிரி.

மூன்று மணிக்கு முடிந்தது. கோழிக்கறி ஆறிப்போயிருந்தது. எல்லாரும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். அத்தை என்னிடம் பேசவில்லை. ஆனால் ஈரல் துண்டு என் இலையில்தான் விழுந்தது.

3 பிப்ரவரி, திங்கள்

கூரை முழுக்கச் சின்னச் சின்னப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறோம். கான்கிரீட் காய்ந்து பலமாவதில்லையாம். தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் பலமாகிறதாம். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவது என் வேலை.

11 பிப்ரவரி, செவ்வாய்

பாத்தியில் ஒரு காக்கை குளித்தது. விரட்டவில்லை.

20 பிப்ரவரி, வியாழன்

மேசிரி ஒரு வாரமாக நெய்யூரில் வேறு வேலையில் இருக்கிறார். இன்று வந்து கூரையில் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கணீர் என்றது. என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கோபமா? ஆட்கள் முன்னால் கத்தினது தப்புத்தானா? கத்தாமல் எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

2 மார்ச், ஞாயிறு

இருபத்தெட்டு நாள் முடிந்தது. முகப்புக்கு அடியில் நின்ற முட்டுக்கழிகளை இன்று எடுத்தார்கள்.

ஆட்கள் எல்லாரும் நிற்க, மேசிரி என்னைக் கூப்பிட்டார். "எங்கேருந்து எடுக்கணும்? சொல்லு."

"நுனியில இருந்து."

"சொவருப் பக்கம் மொதல்ல எடுத்தா என்ன?"

"அப்போ நுனி கழியில நிக்கும், மறுபக்கம் சுவர்ல நிக்கும். நடுவுல ஹால் மாதிரி தொய்யப் பாக்கும், அடிப்பக்கம் இழுபடும். அங்க நம்ம கம்பி இல்லியே."

"கொள்ளாம், நல்லா சொன்ன" என்றார். பிறகு ஆட்களைப் பார்த்து, "கேட்டியளா? முப்பது வருசமா நான் நுனியில இருந்து எடுக்கச் சொல்லுகேன். எதுக்குன்னு இப்போதான் எனக்கும் தெரியுது."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும்.

நேற்றே முகப்பின் அடியோடு ஒட்டி நூல் கட்டியிருந்தேன். கடைசிக் கழி விழுந்ததும் போய்ப் பார்த்தேன். நூல் அப்படியே இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஒரு தொய்வு இல்லை. நான் நினைத்ததைவிடச் சத்தமாக "முகப்பு நிக்கி!" என்று கத்திவிட்டேன். இந்த முறை யாரும் ஊளை என்று சொல்லவில்லை.

"இப்போ ஏறுங்க எல்லாரும். எத்தன பேரு வேணும்னாலும் நில்லுங்க" என்றார் மேசிரி. அத்தைதான் முதலில் போய் நின்றாள், நட்ட நடுவில், நுனியோரம். பக்கத்தில் மாமா, அம்மா. அம்மா ஓமனா அக்காவையும் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். அப்பா போனில்: "கொஞ்சம் முன்னால வாங்க... இன்னும் முன்னால."

"ஏட்டி, நீயும் வா" என்றாள் அத்தை. "நீ இல்லாம இது நிக்காதாக்கும்."

கிளம்பும்போது மேசிரி என் ஸ்கேலைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நெய்யூர் வீட்டிலும் முகப்பு இருக்கிறதாம், அடுத்த வாரம் கான்கிரீட். வீட்டுக்காரர்கள் முதல் சட்டியை ஏணியில் நின்றே போட வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

12 மார்ச், புதன்

கணக்கு வகுப்பு. எல்லாரும் நேர்கோடு போட, நான் நோட்டு அட்டையை வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பிரிஜா டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அஸ்வதி, ஒனக்க ஸ்கேல் எங்க?"

"நெய்யூருக்கு வேலைக்குப் போயிருக்கு டீச்சர்."