சத்தம் போடாத கங்காணி

மாத்தளை, 2004

குவைத்தில் இருக்கிறவளுக்கு,

நீ அனுப்பிய சட்டையைத் தபால் கந்தோரில் எடுத்தேன். அளவு சரிதான்.

இங்கே தேயிலை பறித்துக்கொண்டிருந்த பவளத்தைக் கங்காணியாக்கிவிட்டார்கள். எனக்குச் சமமாக ஒரு பொம்பளைக் கங்காணி! அவள் சத்தமே போடுவதில்லை. காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது ஒவ்வொருத்தியாகப் பார்த்து, "நீ சரிவுல ஏறுறதுல கெட்டிக்காரி, மேல் நெரையப் புடி. ஒனக்கு முட்டிதான் வலி, கண்ணு கூர்மை. முத்தல் எலயப் பொறுக்கு" என்கிறாள். அவள் ஆட்களின் கூடைதான் முதலில் நிறைகிறது. என் ஆட்களும் அவள் பக்கமே பார்க்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

நேற்று மேல்மலையில் குளவி கிளம்பியது. கீழ்ப்பாதையிலிருந்து நான் கத்திய கத்தலில், அத்தனை பெண்களும் கூடையைப் போட்டுவிட்டு ஓடித் தப்பினார்கள்.

பவளம் நேரே தோட்டத்துத் துரையிடம் போனாள். "எங்கள காப்பாத்துனது அண்ணனோட தொண்டதாங்க. இந்தத் தோட்டத்துல வேற யாருக்கு அது இருக்கு?" என்றாள். என் ஆட்கள் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த நல்ல பெயரையும் அவள் வாயால்தான் வாங்க வேண்டியிருந்தது, பார்.

என்னுடைய இந்தச் சத்தம் தாங்காமல்தான் நீ கடல் தாண்டினாய் என்று லயத்து வீடுகளில் பேசுகிறார்கள்.

என்னிடம் ஒரு நல்லது இருப்பது பவளத்துக்குத் தெரிந்திருக்கிறது. உனக்கும் ஏதாவது தெரிந்திருந்தால் எழுது.

வீட்டில் இப்போது மெதுவாகத்தான் பேசுகிறேன். கேட்கத்தான் ஆளில்லை.

உன் வீட்டுக்காரன்