நான்கு எலுமிச்சம்பழங்கள்

8 ஜூன் 1984, வெள்ளி

பண்டமாரானில் வாங்கிய பழைய மோரிஸ் மைனர் ஆறு வாரமாகக் கார் போர்ச்சில் செங்கல் மேல்தான் நிற்கிறது. துருவைச் சுரண்டுவதற்காக நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பின்பக்க ஸ்டோரில் பூட்டி வைத்திருக்கிறேன்.

காலையில் என் மனைவி பார்வதி காருக்குச் சூடம் காட்டினாள். சக்கரம் இருக்க வேண்டிய நான்கு இடத்திலும் தரையில் எலுமிச்சம்பழம் வைத்தாள்.

"டயரே இல்ல, எது ஏறி நசுக்கும்?" என்று சிரித்தேன்.

"சிரிக்காதீங்க லா. வாங்கின அன்னிக்கே செஞ்சிருக்கணும்," என்றாள். இருவரும் வேலைக்குப் போய்விட்டோம்.

சாயங்காலம் ஒன்றாகத்தான் திரும்பினோம். கேட் பூட்டியபடியே இருந்தது. நான்கு பழமும் தகடாக நசுங்கிக் கிடந்தன. சாறெல்லாம் கேட் பக்கமாகவே தெறித்திருந்தது. செங்கல் ஒன்றுகூட நகரவில்லை.

"எலியா இருக்கும்," என்றேன்.

"எலி கடிக்கும். நசுக்குமா?"

பழத்தை அவள்தான் கூட்டி அள்ளினாள். நான் தொடவில்லை.

அவள் குளிக்கப் போனதும் ஸ்டோரைத் திறந்தேன். சாவி நாள் முழுக்க என் சட்டைப் பையில்தான் இருந்தது. சக்கரங்கள் நான் அடுக்கியபடியே இருந்தன. மேலே இருந்ததைத் தடவினேன். வெகுதூரம் ஓடிவிட்டு வந்ததுபோல டயர் சூடாக இருந்தது. அதன் பள்ளத்தில் எலுமிச்சை விதை ஒன்று ஈரமாக ஒட்டியிருந்தது.

சாப்பிடும்போது பார்வதி கேட்டாள்: "டயர் எல்லாம் ஸ்டோர்லதானே இருக்கு?"

"இருக்கு," என்றேன்.

கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். எழுதுகிற கையில் இன்னும் எலுமிச்சை வாசம் அடிக்கிறது.