அம்மாவின் முழங்காலும் என் மாடலும்

ஜனவரி 9, வியாழன்

அடையாறு ஆய்வகத்தில் இன்று எனக்காகக் கேக் வெட்டினார்கள். செயற்கை மூட்டுக்குள் உலோகமும் பிளாஸ்டிக்கும் உரசித் தேய்வதைக் கணிக்கும் என் கணித மாடல் ஆய்விதழில் கட்டுரையாக ஏற்கப்பட்டுவிட்டது. என் கணக்குப்படி மூட்டு இருபது வருஷம் தாங்கும்.

வீட்டுக்கு வந்தால் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போகிறாள். இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஆபரேஷன் என்றால் மட்டும் காது கேட்பதில்லை.

ஜனவரி 18, சனி

ஒருவழியாக டாக்டரிடம் கூட்டிப்போனேன். செயற்கை மூட்டு வைத்த பிறகு நடக்கலாம், படி ஏறலாம், முட்டி மட்டும் போட வேண்டாம் என்றார். அம்மா உடனே பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். ஆட்டோவில் சாந்தோம் வீட்டுக்கு வந்தோம். வாசலில் வைத்துக் கேட்டாள்.

"மாதா கோயில் பூசைல எல்லாரும் முட்டி போடுறப்போ நான் மட்டும் மரம் மாதிரி இருக்கணுமா?"

நான் விடவில்லை. லேப்டாப்பைத் திறந்து என் மாடலைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தாள்.

"இது நடக்குது, சரி. முட்டி போட்டா என்ன ஆவும்?"

போட்டுப் பார்க்கவில்லை. கட்டுரையைச் சல்லடை போட்டுச் சலித்த நிபுணர்களும் கேட்கவில்லை. என் மாடலில் மனிதர்கள் சமதரையில் நடந்துகொண்டே இருப்பார்கள், எதற்கும் மண்டியிட மாட்டார்கள். ரிட்டயர் ஆகும்வரை மந்தைவெளிப் பிள்ளைகளில் பாதிப் பேரை முட்டி போடவைத்தவள் அம்மா; அந்த ஃப்ளோரா டீச்சரின் மகளுக்கா இது தோன்றவில்லை?

ஜனவரி 23

மாடலை முட்டி போடவைத்தேன். விடை வரவில்லை.

ஜனவரி 27

கால் அவ்வளவு மடங்கினால் உலோகம் பிளாஸ்டிக்கின் பின்விளிம்புக்குப் போய்விடுகிறது. அங்கே ஒட்டி நிற்கிறதா, சறுக்குகிறதா? கம்ப்யூட்டர் மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு நின்றுபோகிறது. கடுப்பில் உராய்வைப் பூஜ்யமாக்கினேன் — உடனே அழகான விடை. தற்காலிகமாக என்று சொல்லிக்கொண்டு எங்கள் துறை ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். உராய்வே இல்லாத உலகத்தில் அம்மா தாராளமாக முட்டி போடலாம்.

இதையே காட்டிச் சம்மதம் வாங்கிவிட்டால் என்ன? சே, என்ன புத்தி இது.

பிப்ரவரி 6

உராய்வைத் திரும்பப் போட்டு, விடையும் வந்துவிட்டது. நன்றாக இல்லை. விளிம்பு சீக்கிரம் தேயும். அம்மாவிடம் அப்படியே சொன்னேன். முட்டி போட வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து ஜெபம் பண்ணு, நீ நடந்தால் எனக்குப் போதும் என்று சொல்லும்போது அழுதுவிட்டேன். கணக்கு சொல்லும்போது யாராவது அழுவார்களா?

அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு, டாக்டரிடம் ஆபரேஷன் தேதி கேள் என்றாள். லேப்டாப்பைத் திறக்கக்கூட விடவில்லை.

மே 4, ஞாயிறு

ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா முதல்முறையாகப் பூசைக்கு நடந்தே வந்தாள். கோயில் பக்கம் நான் தலைவைத்துப் படுத்து வருஷக்கணக்காகிறது; இன்று துணைக்கு என்றுதான் போனேன். சாமியார் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்ற மணி அடித்ததும் எல்லோரும் முட்டி போட்டார்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அம்மா என் பக்கம் சாய்ந்தாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் அது வகுப்பறைக் குரல்.

"எனக்குத்தான் கூடாது. நீ போடு ரெனிட்டா, எனக்கும் சேத்து."

போட்டேன். இரண்டு முழங்காலும் சடக்கென்று சத்தம் போட்டன. அம்மாவுக்குக் கேட்டிருக்கும். அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறாள்.