பிரிக்பீல்ட்ஸ் வகுப்பு வேண்டாம்

கிள்ளான்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ஷபீருக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். முட்டி வலியைத் தவிர நான் இங்கே சுகமாகத்தான் இருக்கிறேன். டப்ளினில் உன் சுகத்தை அல்லாஹ் பார்த்துக்கொள்ளட்டும், உன்னைக் கேட்டால் ஓகே உம்மா என்ற ஒரே பதில்தானே. இந்த வாரம் நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. போன் கெட்டுவிட்டதா என்று உன் அண்ணன் ரபீக் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து அதே போனில் கூப்பிட்டுக் கேட்டான், கெட்ட போனில் எப்படிப் பேசுகிறேன் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. போன் நன்றாகத்தான் இருக்கிறது. பேசினால் என் வாய் வேறு எதையாவது சொல்லிவிடும், அதனால் எழுதுகிறேன். நீ அந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது.

வங்கியின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இத்தனை வருடம் இருந்துவிட்டு இன்னும் மேல் பயிற்சி எதற்கு என்று கேட்டேன், அது இல்லாமல் சீனியர் ஆக முடியாது என்றாய். அங்கே ஆறு மாதம், சனிக்கிழமைகளில். இங்கே பிரிக்பீல்ட்ஸில் ஒரே மாதம். நீங்க போய்ப் பாருங்க உம்மா, நல்லா இருந்தா லீவு போட்டு வந்து வீட்டுல இருந்தே படிக்கிறேன் என்றாய். போன தடவை வந்தபோது பாதி நாள் பங்சாரில் கூட்டாளிகளோடு போனது, நான் மறக்கவில்லை. ஆனாலும் ஒரு மாதம் என்று கேட்டதும் மெத்தையை வெயிலில் போட்டேன், உன் அறைக்குப் புது மின்விசிறி மாட்டினேன். அதற்குப் பிறகுதான் வகுப்பைப் பார்க்கவே போனேன்.

கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே போனேன். வகுப்பு நடக்கிற இடத்தில் ஆள் சேர்க்கிற மேசையில் ஜீவன் என்று ஒரு பிள்ளை, உட்காருங்க ஆன்டி என்று குடிக்க மைலோ கொடுத்தான். நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். பாடம் நடத்துகிறவர் இந்த வேலையைச் செய்தவரா, ஆளுக்கொரு கணினி உண்டா, டேட்டாபேஸை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு மாணவன் கையாலேயே மீட்க விடுவார்களா. எல்லாம் இருக்கு ஆன்டி என்றான். நான் எழுந்திருக்கவில்லை, வகுப்பைக் காட்டு என்றேன். எனக்குத் தையல் யாரும் சொல்லித்தரவில்லை, தைத்த பாஜு கூரோங் உடுப்பைப் பிரித்துப் போட்டு மறுபடி சேர்த்துத்தான் கற்றேன், வாய் வார்த்தையை நம்பி வர எனக்குத் தெரியாது. பின்வரிசையில் உட்காரவைத்தான். ஆசிரியர் திரையில் படம் ஓட்டிக்கொண்டே இருந்தார், பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருந்தார்கள், ஒருவர் கையும் கீபோர்டைத் தொடவில்லை. லிப்ட் வரைக்கும் ஜீவன் கூட வந்தான். உங்க மகன் எத்தனை வருசமா இந்த வேலை என்று கேட்டான், எட்டு என்றேன். அப்ப இங்க வேணாம் லா ஆன்டி, இது புதுசா வர்றவங்களுக்கு, நான் சொன்னேன்னு பாஸ்கிட்ட சொல்லிடாதீங்க என்றான். நல்ல பிள்ளை. அவன் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று கிள்ளான் வந்து சேரும்வரை அவன்மேல் கோபமாக இருந்தேன்.

வகுப்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நீ வந்துவிடுவாய். ஒரு மாதம் என் கையால் மீன் ஆணம் சாப்பிடுவாய். அப்புறம் திரும்பிப் போய், ஒருநாள் அந்த டேட்டாபேஸ் விழுந்து, மீட்கத் தெரியாமல் நிற்கும்போது உம்மா பேச்சைக் கேட்டேனே என்றுதான் நினைப்பாய். அது எனக்கு வேண்டாம். டப்ளினிலேயே சேர்.

இதைப் படித்துவிட்டு, இங்கே வந்துவிடுங்கள் உம்மா என்று ஆரம்பிக்காதே. இந்த வீட்டை விட்டு வரமாட்டேன். ரபீக் வீட்டுக்கும் போகமாட்டேன், அந்த அடுக்குமாடியில் கதவைச் சாத்தினால் ஆள் முகமே தெரியாது. இங்கேயும் இரண்டு பக்கத்து வீடுகளும் பூட்டித்தான் கிடக்கின்றன, அது வேறு பேச்சு.

மின்விசிறியைக் கழற்றப்போவதில்லை. அசர் தொழுதுவிட்டு அதைப் போட்டு உன் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன், புதுசு ஓடாமல் கிடந்தால் கெட்டுவிடும். பயிற்சி முடிந்ததும் வா, படிப்பு என்றோ வேலை என்றோ ஒரு காரணமும் இல்லாமல் வா. சனிக்கிழமைகளில் வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகாதே. உன் கண்ணுக்கும் கைக்கும் அல்லாஹ் பலம் தரட்டும், நினைத்த இடத்தில் உன்னை உட்காரவைக்கட்டும்.

கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. எடுப்பேன்.

உன் உம்மா,
ரசியா